ஊமை லேப்டாப்

டேரனின் டி-சட்டையில் ஒரு பென்குவின் இருந்தது. தலைக்குள் என்ன இருந்தது என்று பார்க்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில் அவன் கம்ப்யூட்டர் கடைக்கு மூன்று மாடி ஏறினோம். லிஃப்ட் கெட்டுக் கிடந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிறவன் குடியிருக்கும் கட்டடத்தில் வேறு எப்படி இருக்கும்.

நாங்கள் என்றால் குளோரியா அக்காவும் நானும். அக்கா இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களை மோப்பம் பிடித்தே தலை நரைத்தவர். வேலையை விட்டதும் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். நான் ஹஸ்ஸான், உதவியாளன். கார் ஓட்டுவது, கோப்பி வாங்குவது, திட்டு வாங்குவது எல்லாம் என் இலாகா.

எங்கள் பின்னால் ஹுமைரா வந்தாள். கையில் கழுவிய தூக்குச்சட்டி ஒன்றை இடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் ஹைதர் நாளைக் காலை கோர்ட்டில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான். அதைச் செய்தோமா இல்லையா என்று அவனுக்கே தெரியாது.

கதை இதுதான். இரண்டு மாதத்துக்கு முன், கிள்ளானில் தாவூத் ஜவுளிக்கடைக்குப் பக்கத்து ஒருவழிச் சந்தில், ஹைதரின் மோட்டார் சைக்கிளும் ஒரு லோரியும் மோதிக்கொண்டன. பின்னால் உட்கார்ந்திருந்த அவன் கூட்டாளி வாசு இன்னும் கண் திறக்கவில்லை. ஹைதருக்குத் தலையில் அடி, அன்றைய நாளே நினைவிலிருந்து போய்விட்டது. 'நான் லோரியை நிறுத்தி வச்சிருந்தேன், பையன் பறந்து வந்து பின்னால அடிச்சான்' என்று லோரிக்காரன் போலீஸில் சொன்னான். எல்லாரும் அதையே சொல்லச் சொல்ல ஹைதரும் நம்பிவிட்டான்.

அந்தச் சந்துக்குள் பார்த்திருந்தது ஒரே ஒரு கேமரா. தாவூத் கடையினுடையது. அது பதிவு செய்ததெல்லாம் கடை லேப்டாப்பில் இருந்தது. அந்த லேப்டாப்பில்தான் டேரன் தன் வித்தையைக் காட்டியிருந்தான்.

"ரம்புத்தான் லினக்ஸ், மேடம்" என்றான் டேரன் பெருமையாக. "வின்டோஸுக்குப் பதிலா போடுறது, நம்ம நாட்டுப் பசங்க செஞ்சது. ஆல்ஃபா வெர்ஷன். இன்னும் வெளியில யாருக்கும் தெரியாது லா."

"ஆல்ஃபான்னா?"

"ஆரம்பக் கட்டம். வேலை இன்னும் முடியல."

"ஓ. கூரை போடாத வீட்டுல ஆளைக் குடி வச்சிருக்க" என்றார் அக்கா.

"ரம்புத்தான்ல இப்போதைக்குத் தோலும் முடியும்தான் வந்திருக்கு. பழம் அடுத்த வருஷம்" என்றேன் நான். டேரன் என்னை ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அங்கிள் மாதிரி ஆளுங்களுக்குப் புரியாது. வின்டோஸ் அடிமைங்க."

எனக்கு முப்பத்து நாலு வயது. அங்கிளாம். அக்கா என் தோளை அழுத்தி அடக்கினார்.

"சரிப்பா, மேதை. சேலை விக்கிற கடைக்கு எதுக்கு இது?"

"தாவூத் பாஸ்தான் கூப்பிட்டாரு. கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு, புதுசா ஏதாச்சும் போடுன்னாரு. பழசு எதுவும் மிஞ்சாதுலன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாரு. 'எல்லாத்தையும் அழி'ன்னு பொத்தான் இருக்கு பாஸ், ஒண்ணும் மிஞ்சாதுன்னு கியாரண்டி குடுத்தேன். அந்தக் கேமரா விஷயத்த அவரு சொல்லவே இல்ல. அடுத்த நாள் கடை வாசல்ல வச்சு என்னைக் கிழிச்சுட்டாரு, இந்தப் புள்ளையோட கேஸையே கெடுத்துட்டியேடான்னு."

"தாவூத் அங்கிள் அன்னிக்கு அழுதே அழுதுட்டாரு" என்றாள் ஹுமைரா. "ஆக்சிடென்ட் ஆன அன்னிக்கே, கேமராவுல இருக்கும்மா, எடுத்துத் தரேன்னாரு. அதுக்குள்ள இவன் வந்து கெடுத்துட்டான். இன்னிக்கு வரைக்கும் ஆஸ்பத்திரியில அண்ணனுக்கு நெய்ச்சோறு அனுப்புறாரு. இது அவரு சட்டிதான்."

அக்கா தூக்குச்சட்டியைப் பார்த்தார். டேரனிடம் கையை நீட்டினார்.

"அந்தப் பழம் இருக்கிற பென்டிரைவைக் குடு. அதே வெர்ஷன், அதே பொத்தான்."

எங்கள் அலுவலகம் பூமாலைக் கடைக்கு மேலே. மேசைமேல் பென்டிரைவை வைத்துவிட்டு அக்கா சாவகாசமாகச் சொன்னார். "உன் லேப்டாப்பை எடு."

"எதுக்கு?"

"டேரன் சொல்றது நிஜமான்னு பார்க்கணும். போட்டுப் பார்த்தாத்தானே தெரியும்."

"அக்கா, அதுல என் போட்டோ எல்லாம் இருக்கு. நம்ம ஆபீஸ் பத்திரமெல்லாம் இருக்கு."

"உன் பழைய காதலி படமும் இருக்கு. அவளுக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு புள்ளையும் ஆச்சு. எடு."

ஊரான் வீட்டு நெய்யே என்பார்களே, அப்படித்தான். என் லேப்டாப்புக்கு வேறு பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது, ஒயரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். அந்த நோயாளியின்மேல்தான் ஆல்ஃபா வைத்தியம் நடந்தது.

முதலில் திரையில் ஒரு சிவப்பு ரம்புத்தான் வந்து சுற்றியது. சுற்றியது என்றால், நான் போய் மூன்று கோப்பி வாங்கி வரும்வரை சுற்றியது. பிறகு மொழியைக் கேட்டது. தமிழ் என்று தட்டினேன். பாதி எழுத்து வந்தது, மீதி கட்டம் கட்டமாக நின்றது. பிறகு எந்த ஊர் நேரம் வேண்டும் என்று கேட்டது. பட்டியலில் உலக நேரம் என்ற ஒன்றுதான் இருந்தது. கோலாலம்பூரில் உட்கார்ந்து செய்த பயல்கள் கோலாலம்பூரைப் போட மறந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அதையே கொடுத்தேன்.

"எட்டு மணி நேரம் பின்னால போயிட்டோம் அக்கா. இப்போ மணி காலை மூணு."

"உனக்கு எப்பவுமே அதுதான் மணி. அந்தப் பொத்தானை அமுக்கு."

'எல்லாத்தையும் அழி.' பொத்தான் பெரிதாக, சிவப்பாக, கல்யாண வீட்டு டியூப்லைட் போல மின்னியது. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன்.

தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் போய்த் தூங்கிவிட்டது. அக்கா இரண்டு தட்டுத் தட்டியதும் விழித்து, பச்சைத் திரையைக் காட்டி நின்றது. என் படங்கள் இல்லை. பத்திரங்கள் இல்லை. வைஃபை இல்லை. பாட்டுப் போடலாம் என்றால் ஒரு சத்தம் இல்லை. ஸ்பீக்கர் என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்பதே அதற்குத் தெரியவில்லை.

"ஊமை" என்றேன். "ஊமையும் செவிடும். கடிகாரமும் பைத்தியம்."

ஹுமைரா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். "அப்போ அந்தப் பையன் சொன்னது நிஜம்தான். எல்லாம் போச்சு. அண்ணன் நாளைக்கு ஒத்துக்கத்தான் போறான். நேத்து என்ன சொன்னான் தெரியுமா? 'வாசு அம்மா என் முகத்தப் பார்க்க மாட்டேங்கிறாங்க ஹுமைரா, நான் உள்ள போனாத்தான் அவங்களுக்கு மனசு ஆறும்'னு சொல்றான்."

அக்கா ஜன்னலோரம் நின்று கோப்பியை முடித்தார்.

"ஹுமைரா, தாவூத் கடையில அந்த வேலைய டேரன் எந்தக் கிழமை செஞ்சான்?"

"வியாழன் சாயங்காலம்."

"அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஆம்பளைங்க எல்லாம் ஜும்மாவுக்குப் போயிடுவாங்க. கடையில யாரு இருப்பா?"

"மகதலேனா ஆன்டி. ரவிக்கை தைக்கிறவங்க. கதவ சாத்திட்டு அவங்க மட்டும் உள்ள தைச்சுக்கிட்டு இருப்பாங்க."

"எங்க வீடு?"

"சுங்கை வே."

மகதலேனா ஆன்டி பூசைக்குப் போய்வந்த சேலையோடு மீன் கழுவிக்கொண்டிருந்தார். முதலாளியைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. நல்ல மனுஷன், கிறிஸ்மஸுக்கு லீவு கொடுப்பார், அதிர்ந்து பேசமாட்டார். கேட்கக் கேட்க எனக்குக் கொட்டாவி வந்தது. நல்ல மனுஷன் என்று ஊரே ஒரு ஆளைப் பற்றிச் சொன்னால் அக்காவுக்கு மட்டும் தூக்கம் கலையும்.

"அந்த வெள்ளிக்கிழமை லேப்டாப்பை யாராச்சும் தொட்டாங்களா, ஆன்டி?"

"யாரும் தொடல. தொடக்கூடாதுன்னு பாஸ் சொல்லிட்டுப் போனாரு." மீனை வைத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "நான்தான் ஒரு தரம். இஸ்திரிப் பெட்டியப் போட்டேன், கரண்ட் டப்புனு போயிடுச்சு. அந்த லேப்டாப் ஒயர்லதான் ஓடும், அதுவும் அணைஞ்சு போச்சு. கரண்ட் வந்ததும் பாஸ் திட்டுவாரேன்னு பொத்தானை அமுக்கிட்டு மெஷினுக்குப் போயிட்டேன். சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டோம். அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அது பாட்டுக்குப் பாங்கு சொல்லுச்சு. அஞ்சு வேளையும் சொல்லும், அப்படி ஏதோ வச்சிருந்தாரு. முடிஞ்சதும் நானே போய் அணைச்சுட்டேன். பாஸ் வந்து போட்டப்போ பச்சைப் படம் வந்துச்சு."

எனக்குக் கொட்டாவி பாதியில் நின்றது. "எப்போ ஆன்டி சொல்லுச்சு? பள்ளிவாசல்ல சொன்ன நேரத்திலயா?"

"இல்லப்பா. பள்ளிவாசல்ல சொல்லித்தானே இவங்க எல்லாரும் கிளம்பிப் போனாங்க. இது அதுக்கு எவ்வளவோ நேரம் கழிச்சு. லேட்டா சொல்லுதேன்னு நினைச்சேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. நான் கோயில் பாட்டுக் குழுவுல இருக்கேன், காது சும்மா இருக்காது. பகல்ல தினமும் கேக்கிறதுதான். அன்னிக்கு அதுல ஒரு வரி கூட இருந்துச்சு. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால. ரெண்டு தரம் வந்துச்சு."

அந்த வரியை எனக்கு நன்றாகத் தெரியும். தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது. விடியற்காலை சுபுஹு பாங்கில் மட்டும் வரும் வரி. எத்தனையோ காலையில் போர்வைக்குள் இருந்துகொண்டு அதைக் காதில் வாங்காதவன் நான்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் வாயைத் திறந்தேன். "அக்கா, பட்டப்பகல்ல சுபுஹு பாங்கு. கடைக்காரங்க யாரா இருந்தாலும் முதல் தடவையிலயே கண்டுபிடிச்சிருப்பாங்க. ஆனா அவங்க எல்லாரும் அந்த நேரத்துல பள்ளிவாசல்ல. கேட்டது மகதலேனா ஆன்டி மட்டும்தான்."

"ஏன் பகல்ல சொல்லுச்சு?"

"ரம்புத்தான் கடிகாரத்தை எட்டு மணி நேரம் பின்னால தள்ளிடுச்சு. லேப்டாப்புக்கு அது விடியக்காலை."

"நல்லது. உனக்கும் மூளை இருக்கு, பேட்டரிதான் வீக். இப்போ அடுத்தது. உன் லேப்டாப்புல ஒரு பாட்டுப் போடு பார்ப்போம்."

நான் வண்டியைக் கிளப்ப மறந்து உட்கார்ந்திருந்தேன். ரம்புத்தான் ஊமை. ஒரு முனகல்கூட வராது. அப்படியென்றால் அந்த வெள்ளிக்கிழமை பாங்கு சொன்னது ரம்புத்தான் இல்லை.

"பழைய வின்டோஸ்" என்றேன். "அது சாகல."

"எப்படிச் சாகும்? அந்தச் சிவப்புப் பொத்தான் வெறும் போர்டு. கடைய இன்னும் கட்டல. ஒரு மூலையில போய் உட்கார்ந்துக்கிட்டு, வீடு முழுக்க எனக்குத்தான்னு பச்சைத் திரைய மாட்டிடுது. திடீர்னு கரண்ட் போனா அதால ஒழுங்கா எந்திரிக்க முடியல, பழைய ஆளு வந்து நிக்கிறான். டேரன் மேதைக்கு அழிக்கவும் தெரியல, அழியலன்னும் தெரியல." பின் இருக்கையில் ஹுமைராவைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் நம்பிக்கை வச்சுக்காதம்மா. அந்த லேப்டாப் இப்போ எங்க?"

"கடையிலதான். கல்லா பக்கத்துல வச்சிருக்காரு. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டி வருத்தப்படுவாரு."

"காட்டுவாரு" என்றார் அக்கா. "காட்டத்தானே வச்சிருக்காரு."

ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. தாவூத் வாசலுக்கே வந்து வரவேற்றார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம், நெற்றியில் தொழுகைத் தழும்பு. எங்களுக்கு நுரை ததும்பும் தே தாரேக் டீ வரவழைத்தார். ஹுமைராவை 'மகளே' என்றார்.

"அந்தத் தறுதலைப் பயல நம்பி மோசம் போயிட்டேன் தம்பி" என்று என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் தலையை ஆட்டினேன். இப்படிப்பட்டவர்களிடம் தலையை மட்டும் ஆட்டவேண்டும், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வரும்.

"லேப்டாப்பை நான் பார்க்கலாமா பாய்?" என்றார் அக்கா, பாலும் தேனும் ஒழுக.

"தாராளமா பாருங்க. எத்தனையோ பேரு பார்த்தாச்சு, ஒண்ணும் இல்ல."

பச்சைத் திரை எரிந்துகொண்டிருந்தது. அக்கா அதை நின்று பார்த்தார். பிறகு குனிந்து, சுவரில் இருந்த ஒயரைச் சட்டென்று பிடுங்கினார். திரை கறுத்தது.

"என்னங்க பண்றீங்க? கெட்டுப் போயிடும்."

"ஏற்கெனவே கெட்டுப்போனதுதானே பாய்?"

ஒயரைச் செருகிப் பொத்தானை அமுக்கினார். சிவப்பு ரம்புத்தான் வந்து அரைச் சுற்றுச் சுற்றி, விக்கி நின்றது. திரை மறுபடி கறுத்தது. ஹுமைராவின் கை தூக்குச்சட்டியின் பிடியில் இறுகியது.

நீலத் திரை வந்தது. அதன்மேல் தாவூத் பேரப்பிள்ளையின் படம். ஓரத்தில் கடிகாரம் காலை மணி எட்டரை என்றது. ஸ்பீக்கரிலிருந்து வின்டோஸின் பழைய மணி ஓசை கேட்டது.

தாவூத் முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போனதோ. ஒயரை நோக்கிக் கை நீண்டது.

"பிடுங்குங்க பாய்" என்றார் அக்கா. "எத்தனை தரம் பிடுங்கினாலும் இதுதான் எந்திரிச்சு வரும்."

கை அந்தரத்திலேயே நின்றது. நான் அவருக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். என் உடம்பு வேறு எதற்குத்தான் பயன்படும்.

அக்கா கேமராப் பதிவுகளைத் திறந்து அந்தத் தேதிக்குப் போனார். சந்து தெரிந்தது. ஆள் இல்லை, வண்டி இல்லை. நின்ற லோரி என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

சந்தின் மறு வாயிலிலிருந்து, வெளியே மட்டும் போகவேண்டிய பக்கத்திலிருந்து, ஒரு லோரி பின்புறமாக உள்ளே வந்தது. நிறையத் துணிக் கட்டு. அதன் வால் பக்கம் வெள்ளைச் சட்டையில் ஒருவர் பின்னோக்கி நடந்துகொண்டே இரண்டு கைகளையும் வீசினார். வா, வா, கோஸ்தான், பின்னால வா, இன்னும் கோஸ்தான். முகம் கேமராவுக்கு நேராகத் திரும்பியது. இதோ எங்களுக்குத் தே தாரேக் வரவழைத்தவர்.

"சுத்தி வந்தா ஜாம்" என்றார் தாவூத், யாரும் கேட்காமலே. "ஒரு நிமிஷ வேலை. எப்பவும் அப்படித்தான் ஏத்தி இறக்குறது. எல்லாக் கடையிலயும் செய்றதுதான். நான் வேணும்னா செஞ்சேன்?"

"அத யாரும் சொல்லல பாய்" என்றார் அக்கா. குரலில் இப்போது தேனும் இல்லை, பாலும் இல்லை. "கம்ப்யூட்டர் ரிப்பேருக்குக் குடுக்கிறவன் எவனும் 'என் பழசு பத்திரமா இருக்குமா'ன்னுதான் கேப்பான். நீங்க ஒருத்தர்தான் பழசு எதுவும் மிஞ்சாதுலன்னு கேட்டீங்க. அதுக்கு ஒரு மடையனத் தேடிப் பிடிச்சு, பழியையும் அவன் தலையில கட்டி, அப்புறம் தெனமும் நெய்ச்சோறு. அந்தப் பையன் உங்க சோத்தத் தின்னுக்கிட்டே, நான்தான் என் கூட்டாளிய இந்தக் கதிக்கு ஆளாக்கினேன்னு நினைச்சுக்கிட்டு படுத்திருந்தான்."

தாவூத் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஊருக்கு நல்லவர். பயம் வந்தால் நல்லவரும் என்ன ஆவார் என்று அன்று கண்ணால் பார்த்தேன், எனக்கு அருவருப்பாக இருந்தது.

டேரனின் பென்டிரைவில் அக்கா பதிவை ஏற்றினார். அவன் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான உதவி. வக்கீலுக்கு இன்றைக்கே போய்ச் சேரும். என் லேப்டாப்பையும் இரவு ஒரு தடவை பிடுங்கிச் செருகினால் என் படங்கள் வந்துவிடும். பழைய காதலியும் வந்துவிடுவாள், இரண்டு பிள்ளைகளோடு இல்லாமல்.

ஹுமைரா மட்டும் திரையை விடவில்லை. "படத்தக் கொஞ்சம் பின்னால ஓட்டுங்க அக்கா. அண்ணன் வர்ற இடம்."

மறுபடி ஓடியது. சந்தின் இந்தப் பக்கத்திலிருந்து, வரவேண்டிய திசையில், மோட்டார் வந்தது. ஹைதர் லோரியைப் பார்த்தான். பிரேக் போட்டான், ஓரமாக ஒதுங்கி நின்றான். வாசு பின்னால் இருந்து கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி ஆட்டினான். கடைசி நொடியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒதுங்கித் தப்பித்தார். லோரி ஒதுங்கவில்லை.

ஹுமைரா தூக்குச்சட்டியைக் கல்லாமேல், தாவூத்துக்கு முன்னால் வைத்தாள். தொடாத தே தாரேக்கையும் அதன் பக்கத்தில் நகர்த்தினாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள்.

"அண்ணே, கேமரா கிடைச்சிருச்சு. நான் இப்போ பார்த்தேன்." ஸ்பீக்கரைப் போட்டாள். "நின்னது லோரி இல்லண்ணே. நீதான். நீ நின்னுட்ட."

கைப்பேசியிலிருந்து ஹைதரின் குரல் வந்தது.

"கால தரையில ஊனியிருந்தேனா?"

"ரெண்டு காலும்ணே" என்றாள் ஹுமைரா.